உல்கான் அக்கா கேட்ட கேள்வி

எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் அந்த மண்டபத்தில் உல்கான் அக்கா உட்கார்ந்திருந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிவந்தவள் நான். மற்றவர்கள் பேசுவதை அவள் காதில் எங்கள் கிர்கிஸ் மொழியில் சொல்வதும், அவள் பேசினால் அதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. பெரிய மனிதர்கள் சுற்றி வளைத்துப் பேசுவதை நேராக்கிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விட்ட கிருமிகளைப் பற்றிய கூட்டம் அது. அடுத்த பத்து வருடத்தில் உலகம் எதையெல்லாம் முதலில் ஆராய வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். எல்லாவற்றையும் ஆராயப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் நாடு நாடாகப் போய்க் கேள்விகளைச் சேர்த்து, எது முந்தி எது பிந்தி என்று ஓட்டுப் போடவைக்கிறார்கள். டாக்டர்கள், கால்நடை டாக்டர்கள், மருந்துக்கடைக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். இவர்களோடு, நோயாளிகளோடு பழகுகிற சாதாரண ஆட்கள் சிலரும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான்தான் உல்கான் அக்கா பெயரைச் சொன்னேன். அவளைவிட அதிகமாக நோயாளிகளோடு பழகியவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

கோடையில் சூசாமிர் பள்ளத்தாக்குப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அவளைத் தெரியாமலிருக்காது. சாலையோரம் வரிசையாக அவளுடைய கூடாரங்கள். பின்னால் கயிற்றில் கட்டிய குதிரைக்குட்டிகள், குட்டிகளைத் தேடித் தாமாகவே திரும்பிவரும் குதிரைகள். கணவன் ஆற்றுவெள்ளத்தில் போனபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இனி அண்ணன் வீட்டு அடுப்படியில்தான் கிடப்பாள் என்று ஊர் பேசியது. அவளோ, கணவன் விட்டுப்போன குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். புகைபோட்ட தோல்பையில் குதிரைப்பாலை ஊற்றி, கை ஓயக் கடைந்து, அவள் புளிக்கவைக்கிற குமிஸுக்காகத் தலைநகரிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்களில் பலர் நுரையீரல் நோய்க்காரர்கள். அந்தக் காலத்தில் டாக்டர்களே காசநோய்க்காரர்களைக் குமிஸ் குடிக்க மலைக்கு அனுப்பினார்கள். டாக்டர்கள் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை.

அவள் கூடாரத்தில் ஒரு கட்டளை இருந்தது. மாமியாரிடமிருந்து அவளுக்கு வந்தது. குமிஸ் குடிக்கிற நாட்களில் மருந்தைத் தொடக் கூடாது.

"ரெண்டும் ஒரே வயித்துல சண்டை போடும். யாரு ஜெயிச்சாலும் வயிறு உன்னோடதுதான்" என்பாள்.

அதனால் மாத்திரைகள் பைக்குள்ளேயே கிடக்கும். விருந்தாளிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பார்கள், கொழுத்த ஆட்டுக்கறி தின்பார்கள், வெயிலில் கிடப்பார்கள். கன்னத்தில் நிறம் ஏறும், இருமல் தணியும். உல்கானைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் அவளிடம் வந்து சொன்னதில்லை. திரும்பி வந்தவர்களைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். வராதவர்களுக்குக் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் நடந்த அந்தக் கோடையில் அவள் கூடாரத்தில் இருந்த விருந்தாளிகளில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி ஷர்ஷென். அம்மா இல்லாமல் போனபின் இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. லாரி ஓட்டுகிறவன், வாய்க்காரன், ஊரெல்லாம் சிநேகிதம். காசநோய் வந்தது. முதல் முறை மருந்தைப் பாதியில் விட்டான். நோய் திரும்பி வந்தபோது பழைய மருந்துகள் எதுவும் வேலை செய்யவில்லை. புது மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி தாழ்வாரத்திலேயே செத்துப்போவேன் என்று அடம்பிடித்து, அக்காவிடம் மலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். தினமும் மாத்திரை முழுங்குவதைப் போனில் வீடியோ எடுக்க வேண்டும் என்பது நர்ஸ் போட்ட நிபந்தனை. மலையில் சிக்னல் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, கீழே இறங்கும்போது மொத்தமாக அனுப்பலாம் என்று விட்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு வரும் வழியில் கார் முழுக்க அவனைப் பற்றித்தான் பேச்சு.

"கன்னத்துல சதை போட்டிருக்குடி பெர்மெத்! வந்தப்போ குச்சி மாதிரி இருந்தான். இப்ப குதிரை ஏறி சுத்துறான். என் குமிஸ்தான்" என்றாள். இந்தப் பெருமையோடுதான் மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

சுவரில் கேள்விகளைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, வைக்கலாமா தள்ளலாமா என்று பேசினார்கள். கோழிப்பண்ணையில் போடுகிற மருந்து, ஆஸ்பத்திரிக் கழிவுநீர், டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து விற்கிற கடைகள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நரைத்த தாடிக்காரர் ஒருவர்தான் கூட்டத்தை நடத்தினார். நல்ல மனிதர். ஒவ்வொரு கேள்விக்கும் யாராவது எழுந்து வாதாட வேண்டும், வாதாட ஆளில்லாத கேள்வி விழுந்துவிடும் என்பது அவர் வைத்த முறை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. மலையோரத்து நர்ஸ் ஒருத்தி அனுப்பியிருந்தாள். கோடை மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் காசநோய் மருந்தை நடுவில் விடாமலிருக்க என்ன செய்யலாம்?

நோயாளிகள் மருந்து முழுங்குகிற கணக்கைப் பார்க்கிற இளைஞர் ஒருவர் எழுந்தார். "இது அவசியமில்லன்னு நினைக்கிறேன். மலைக்குப் போறவங்க வீடியோ எல்லாம் அவங்க கீழ இறங்கினதும் எங்களுக்கு வந்துடுது. நாள் தவறாம முழுங்குறாங்க. டவுன்ல இருக்கறவங்களை விட மலையில இருக்கறவங்க ஒழுங்கு. இல்லாத பிரச்சினைக்கு எதுக்குங்க ஆராய்ச்சி?"

சிலர் தலையாட்டினார்கள். நான் அக்கா காதில் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் டாக்டர் குல்சாத் எழுந்தார். ஷர்ஷெனுக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஒல்லியான, தூக்கமில்லாத கண்களோடு இருக்கிற பெண்மணி. சத்தம் போட மாட்டார், கரகரவென்று மெதுவாகத்தான் பேசுவார்.

"அவ்வளவு சுலபமா தள்ளிடாதீங்க" என்றார். "பழைய மருந்து கேக்காதவங்களுக்குத்தான் இந்தப் புது மருந்த குடுக்கறோம். இதையும் நடுவுல விட்டா, கிருமி இதையும் பழகிக்கும். அதுக்கப்புறம் என் அலமாரியில ஒண்ணுமே இல்ல. நோயாளி கையைப் பிடிச்சிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

இதையும் அப்படியே அக்கா காதில் சொன்னேன். என் வேலை சொல்வது. சொல்லி முடித்தபிறகுதான் அவள் விரல்கள் என் முழங்கையைப் பிடித்திருப்பது தெரிந்தது. வலித்தது.

"நடுவுலன்னா எவ்ளோ?"

"தெரியல அக்கா. கொஞ்ச நாள் விட்டாலே ஆபத்துன்னு சொல்றாங்க."

"கொஞ்ச நாள்னா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அவள் கட்டளை எனக்கும் தெரிந்ததுதானே. வருஷா வருஷம் அங்கே போய்க் குடித்தவள்தானே நானும்.

"எந்திரி" என்றாள். "வண்டிய எடு."

"அக்கா, கொஞ்சம் பொறு. மலையில நடக்கறத சொல்ல இங்க வேற யாருமில்ல. நீ எந்திரிச்சுப் போனா இது விழுந்துடும். ஓட்டு முடிஞ்சதும் போலாம்."

"சாயங்காலம் மலைக்குப் போற கணவாய்ச் சுரங்கத்த மூடுறாங்க. ரிப்பேர் வேலை. மூடினா நாளைக்குத்தான். என் தம்பி அங்க குமிஸ் குடிச்சிக்கிட்டு இருக்கான்டி. நான் ஊத்தி வச்சிட்டு வந்த குமிஸ்!"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. மண்டபம் திரும்பிப் பார்த்தது. தாடிக்காரர், "அந்த அம்மா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த கேள்வியைப் பார்த்தாள். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"என் பேரு உல்கான். குமிஸ் விக்கிறவ. அந்தப் பையன் சொன்ன கணக்கு பொய். மருந்த விடுறவங்க இருக்காங்க. விடச் சொல்றதே நான்தான்."

நான் மொழிபெயர்த்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

"குமிஸும் மருந்தும் சேரக் கூடாதுன்னு என் மாமியா சொல்லுச்சு. நான் வர்றவங்களுக்கெல்லாம் சொன்னேன். நான் மட்டுமில்ல, அந்த ரோடு பூரா அப்படித்தான். யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. சொன்னா மலைக்குப் போகாதன்னு திட்டுவீங்க."

இளைஞர் மெதுவாகக் கேட்டார்: "எத்தனை பேர் இருக்கும்மா?"

"நான் கிண்ணத்த எண்ணுவேன், ஆள எண்ணுனதில்ல."

டாக்டர் குல்சாத் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். "ஷர்ஷென் உங்க தம்பிதானே? அவனுமா?"

அக்கா தலையாட்டினாள். டாக்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்குத் தெம்பில்லை.

"போங்க. இப்பவே போங்க. இன்னைக்கே மறுபடி ஆரம்பிக்கட்டும். எல்லா மாத்திரையும் சேர்த்துத்தான், ஒண்ண விட்டு ஒண்ணு கூடவே கூடாது. அப்புறம் அவனைக் கீழ கூட்டிட்டு வாங்க, சளி எடுத்துப் பார்க்கணும்."

"அந்தக் கேள்வி?" என்றாள் அக்கா, சுவரைக் காட்டி.

"அதுக்கு நான் பேசறேன்."

நாங்கள் ஓடினோம். ஒப்புக்கொண்ட வேலையை நடுவில் போட்டுவிட்டு ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கணவாய் ஏறுகிற வளைவுகளில் என் பழைய காரின் என்ஜின் அலறியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டும், நடுநடுவே என்னைத் திட்டிக்கொண்டும் வந்தாள்.

"இது வண்டியா, கழுதையா? இறங்கித் தள்ளட்டுமா?"

"நீ இறங்கினா கொஞ்சம் வேகமா ஏறும். ஏறி உக்காந்திருக்கிறது ஆட்டுக்கொழுப்பு."

அவள் சிரிக்கவில்லை. எப்போதும் இதற்குச் சிரிப்பாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இடுப்புல தூக்கி வளர்த்தேன். அந்தக் கையாலயே குடுத்தேன்" என்றாள். கியரை மாற்றினேன்.

மேலே இரண்டு ஆட்டு மந்தைகள் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்தும் நகரவில்லை. அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகளை அடித்து விரட்டி வழி செய்தாள். சுரங்க வாசலுக்குப் போனபோது காவலாளி சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதுக்கா. நாளைக்கு வாங்க."

"டேய், நீ தோக்தோவோட மகன்தானே? உங்கப்பன் முதுகு வலிச்சப்போ யாரு கூடாரத்துல படுத்துக்கெடந்தான்? சங்கிலிய விடுடா, இல்ல காரோட உன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போவேன்!"

அவன் வாயைப் பிளந்து பார்த்தான். சங்கிலியை விட்டான். சுரங்கத்துக்குள் புழுதியும் டீசல் புகையுமாக ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பால் கறப்பு நடந்துகொண்டிருந்தது. ஷர்ஷென் கூடார வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விருந்தாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கையில் கிண்ணம். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வந்துட்டா பாரு! உலகத்துக்கே புத்தி சொல்லப் போனவ!" என்று கையைத் தூக்கினான். "என்னக்கா, மேடையில ஏத்தினாங்களா?"

"மாத்திரை எங்க?"

"எந்த மாத்திரை?"

"விளையாடாதடா. எங்க?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "பையிலதான் இருக்கு. நீதானே தொடாதன்னு சொன்ன?"

"நான் தப்பா சொன்னேன்."

அக்கா தப்பு என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஷர்ஷெனும் கேட்டிருக்க மாட்டான். விருந்தாளிகள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

"நர்ஸுக்கு வீடியோ?" என்று நான் கேட்டேன்.

அவன் முகம் மறுபடி மலர்ந்தது. போனை எடுத்துக் காட்டினான். ஒன்றில் வெள்ளைத் தொப்பி, ஒன்றில் தொப்பியில்லை, ஒன்றில் மழைக்கோட்டு. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினான். எல்லாம் ஒரே சாயங்காலம் எடுத்தவை.

"குருத்!" என்றான். "உடைச்சுப் போட்டா அப்படியே மாத்திரை மாதிரி இருக்கு. இங்க வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலர்ந்த தயிர் உருண்டையைப் பார்த்துத்தான் அந்த இளைஞர் மலைக்காரர்கள் ஒழுங்கு என்று கணக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு கேள்வியை உலகப் பட்டியலிலிருந்து தூக்க இருந்தார்கள். அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதற்குள் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் கொட்டினாள். மாத்திரை அட்டைகள் பாதிதான் இருந்தன.

"மீதி?"

ஷர்ஷென் தலையைச் சொறிந்தான். "மம்பெத்துக்குக் குடுத்தேன்."

மம்பெத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவன். கோடை முழுக்க ஷர்ஷெனோடு ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து சீட்டாடியவன்.

"அவன் இருமினான்க்கா. ரத்தம்கூட வந்துச்சு. என்கிட்ட சும்மா கெடக்குது, எதிர்ல உக்காந்திருக்கிறவன் இருமுறான். ரொட்டிய மறைச்சு வச்சிக்கிட்டுத் தின்னுற மாதிரி இருக்காதா? எல்லாத்துலயும் சரிபாதி பிரிச்சுக் குடுத்தேன்."

அக்கா பாயில் கிடந்த அட்டைகளிலிருந்து ஒவ்வொரு வகையிலும் ஒரு மாத்திரையைப் பிரித்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "முழுங்கு."

"மாட்டேன்."

"ஷர்ஷென்."

"அது உனக்குத் தெரியாதுக்கா. அத முழுங்கினா காலு தீயில நிக்கிற மாதிரி எரியுது. ராத்திரி பூரா எரியுது. தோலு கறுத்துப்போச்சு, சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. இப்பதான் மனுசனா இருக்கேன். விட்டுடு." சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். "ஊத்து."

எங்கள் பக்கம் ஒரு கூடாரத்தில் நீட்டிய கிண்ணத்தை யாரும் வெறுமனே திருப்பியதில்லை. விரோதி வந்து நீட்டினாலும் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் சண்டை. உல்கான் அக்கா எழுந்தாள். தோல்பையின் வாயை இழுத்துக் கட்டினாள். அதை மறைத்துக்கொண்டு, அவனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"மாத்திரைக்கு முன்னாடி குமிஸ் இல்ல."

ஷர்ஷெனின் காது சிவந்தது. இத்தனை பேர் முன்னால், வளர்த்த அக்கா கையால் அவமானம். அவன் கிண்ணத்தைப் பாயில் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்தால் இனி இந்த வீட்டில் குடிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

"என்னை வெளிய போன்னு சொல்ற."

"குமிஸ் இல்லன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

எழுந்து போய்க் குதிரைமேல் சேணத்தைப் போட ஆரம்பித்தான். வார் இழுக்கும்போது இருமல் வந்தது. குனிந்து குதிரையின் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினான். நின்றபாடில்லை. அக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் குதிரை ஏறிப் போய்விட்டால் எங்கே போவான் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த கூடாரத்தில் ஒன்றும் கேட்காமல் ஊற்றிக் கொடுப்பார்கள்.

இருமல் தணிந்ததும் அவன் இந்தப் பக்கம் பார்க்காமலே கேட்டான்: "இது இல்லாட்டி வேற ஏதாவது இருக்கும்ல? இவ்ளோ பெரிய ஆளுங்கல்லாம் கூடியிருக்காங்க. இதுக்கு அடுத்தது ஒண்ணு வச்சிருக்க மாட்டாங்களா?"

"இல்லடா" என்றாள் அக்கா. "டாக்டரு என் முன்னாடி சொல்லுச்சு. அலமாரி காலியாம். அடுத்தத தேடணுமா, வேற எதையாவது தேடணுமான்னுதான் அங்க இன்னும் ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பொய் சொல்கிறாளா என்று என் முகத்தையும் பார்த்தான். நான் தலையாட்டினேன். இழுத்துக் கட்டிய வாரைத் தளர்த்தினான். பிறகு வந்து பாயில் உட்கார்ந்தான். மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து முழுங்கினான், தண்ணீரோடு. நாக்கை நீட்டிக் காட்டினான். அதில் கேலி இல்லை. அக்கா கவிழ்ந்த கிண்ணத்தை நிமிர்த்தி, தோல்பையின் வாயை அவிழ்த்து, வழிய வழிய ஊற்றினாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலை விருந்தாளிகளிடமும் அதையே சொன்னாள். மாத்திரை வைத்திருக்கிறவர்கள் முதலில் மாத்திரை, பிறகுதான் கிண்ணம். இரண்டு குடும்பங்கள் அன்றைக்கே சாமான்களைக் கட்டின. காசு கொடுத்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்க இங்கே வரவில்லை என்று ஒரு பெரியவர் கத்திவிட்டுப் போனார். சாலையில் இருந்த மற்ற கூடாரக்காரர்கள் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அந்தச் சீசன் அவளுக்குப் பாழ்.

பிறகு குதிரை ஏறி மம்பெத்தைத் தேடிப் போனாள். அவன் மந்தையோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருந்தான். கண்டுபிடித்துச் சொன்னபோது சிரித்தானாம். "ரெண்டு மூணு நாள் தின்னேன்க்கா. சரியாப் போச்சு. மீதிய மாமன் வீட்டுக்குக் குடுத்துவிட்டேன், அங்கயும் ஒருத்தருக்கு இருமல்." கீழே வந்து சளி பரிசோதனை செய்யச் சொல்லிக் கெஞ்சினாள். ஆடுகளை யார் பார்ப்பது என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

ஷர்ஷெனை டாக்டர் குல்சாத்திடம் கொண்டுபோய் விட்டோம். மருந்து இன்னும் அவனுக்கு வேலை செய்கிறது என்று சோதனை சொன்னபோது, டாக்டரே நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். நீளமான வைத்தியம். முடித்துவிட்டான். பாதங்கள் மரத்துப்போய்விட்டன, பெடல் தெரிவதில்லை, லாரி ஓட்ட முடியாது. அக்காவோடு குதிரை பார்த்துக்கொள்கிறான். வாய் மட்டும் குறையவில்லை.

மம்பெத் இலையுதிர் காலத்தில் மந்தையோடு இறங்கிவந்தான். வந்தபோது இரண்டு பேர் பிடித்துத்தான் குதிரையிலிருந்து இறக்கினார்கள். அவன் சளியில் இருந்த கிருமி புது மருந்துக்கும் அசையவில்லை. பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில் புதைத்தோம். ஷர்ஷென் குழியருகே வந்து நிற்கவில்லை, தூரத்திலேயே நின்றான்.

அடுத்த கோடையில் பட்டியல் வெளிவந்தது. டாக்டர் குல்சாத் அன்றைக்கு விடாமல் பேசி, அந்தக் கேள்வியை விழவிடாமல் காப்பாற்றியிருந்தார். அந்த இளைஞரும் தன் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்கே ஓட்டுப் போட்டாராம். அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு நான் மலைக்குப் போனேன். பெருமையோடுதான் போனேன் என்று சொல்ல வேண்டும். அக்கா குட்டிகளைக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"படி."

படித்தேன். "இடம்பெயரும் மக்கள் குழுக்களில் சிகிச்சைத் தொடர்ச்சியை மேம்படுத்துவதற்கான வழிமுறைகளைக் கண்டறிதல்."

அவள் இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்ளோதான்க்கா."

"குமிஸ் எங்க?"

"இல்ல."

"மலை?"

"இல்ல. எல்லா நாட்டுக்கும் பொருந்தணும்ல, அதனால இப்படி எழுதுவாங்க."

"இடம்பெயருறவங்கன்னா யாரு?"

"மேய்க்கப் போறவங்க. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போறவங்க. அந்த மாதிரி எல்லாரும்."

"அப்ப மம்பெத் அதுல இருக்கானா?"

"இருக்கான்."

தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் நேராக்கினாள். ஆங்கில எழுத்து அவளுக்கு எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான். "பேரைப் போட்டிருக்கலாம்" என்றாள். "பேனா இருக்கா? எழுது."

அந்த வரிக்குப் பக்கத்தில் மம்பெத் என்று கிர்கிஸ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மம்பெத் வீட்டு ஒற்றைக் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ கொஞ்சம் இடம் விட்டு அவன் பொண்டாட்டி பேரையும் எழுது" என்றாள். "அவளும் இருமுறா."